சுவரைப் பார்த்து ஓட்டுகிறவர்

சனிக்கிழமை இரண்டு மணி ஆனால் நெவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். மேசை, வரைபடம், பகடை எல்லாம் எங்கள் பக்கம். "டாங்கி டிரைவருக்கு கண்ணு முன்னாடி ஒரு சின்ன இடுக்குதான் இருந்துச்சு. நான் மட்டும் மேப்பைப் பார்த்தா அது கள்ளாட்டம்" என்பார், சுவரிடம். தேநீருக்கும் திரும்பமாட்டார். கை மட்டும் பின்னால் நீளும். மோரீன் அதில் ஒரு பிஸ்கட்டை வைப்பாள்.

இங்கிலாந்தின் கெட்டரிங்கில் தேவாலயக் கூடத்தின் பின்னறை அது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படையோடு ஊர்ந்துபோன மட்டில்டா டாங்கியை, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் விளையாட்டாக நெவில் மாற்றியிருக்கிறார். அவருக்கு வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. மதிய இடைவேளையில் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் பென்சிலுமாக எழுதியது நாற்பத்து மூன்று பக்க விதிகள். கவசத்தின் கனத்துக்குப் பகடையில் எத்தனை, சேற்றில் சிக்கினால் எத்தனை... மூன்று தடவை படித்தேன். சத்தியமாக ஒரு மண்ணும் புரியவில்லை. டாங்கியின் பீரங்கியில் குண்டு நிரப்புவதும் சுடுவதும் நான்தான். எதைச் சுடுகிறேன் என்பது மோரீனுக்குத்தான் வெளிச்சம். அவள்தான் நடுவர், அவள்தான் எதிரிப்படையும்.

"இவ்வளவு மெதுவாவா போகும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கூட நடந்து வர்றவனை விட்டுட்டு ஓடுறதுக்கா டாங்கி?" என்று சுவர் பதில் சொன்னது.

கமாண்டர் ராய், நெவிலின் அண்ணன். மூன்று வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தேறிவிடுவாள் என்று நம்பி நெவில் அவருக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார். ராய் வந்து பார்த்தது சவப்பெட்டியைத்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. ஒருவர் கடைத்தெருவில் வந்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கமாண்டருக்கு ஆள் இல்லை என்று மோரீன்தான் ராயைப் பிடித்து இழுத்து வந்தாள்.

கமாண்டர் வாய்விட்டுச் சொல்லாமல் டிரைவர் ஓர் அடி நகரக் கூடாது என்பது விதி. "டிரைவர், இடப்பக்கம்." "இடப்பக்கம், கமாண்டர்." ராய் ஆட வந்த இந்தப் பதினான்கு மாதத்தில் அண்ணன் தம்பி பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

"இந்த டாங்கி போச்சுன்னா அதுவும் போச்சு, கண்ணு" என்று மோரீன் ஒருமுறை என் காதில் சொன்னாள்.

போன சனிக்கிழமை அவள் எதிரிக்காகப் பகடையை உருட்டினாள். இரண்டிலும் ஆறு. ஐயையோ! டாங்கி தீப்பிடித்துவிட்டது. நான் உருட்டினேன், வெளியே குதித்தேன். ராய் உருட்டினார், அவரும் குதித்தார்.

"இப்ப நெவில்" என்றேன்.

மோரீன் தாள்களைப் புரட்டினாள். பத்தொன்பதாம் பக்கம்: கமாண்டர் உத்தரவு இல்லாமல் டிரைவர் வெளியேறக் கூடாது. முப்பத்தொன்றாம் பக்கம்: உத்தரவு தலையில் மாட்டிய ஹெட்போன் கம்பி வழியாகத்தான் போகும். ராய் குதித்தபோதே கம்பி அறுந்துவிட்டது. அப்படியானால்? முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். தலை சுற்றியது.

"அப்ப நீ வெளிய வரவே முடியாதா?" என்றேன். "நீதானேய்யா இதை எழுதின?"

"நானேதான்" என்றார் நெவில். "கமாண்டர் முதல்ல குதிச்சிருவாருன்னு எனக்குத் தோணவே இல்லை."

ராயின் காது சிவந்தது.

"அழிச்சு எழுதிக்கலாம் கண்ணு, யாரு கேக்கப்போறா?" என்றாள் மோரீன்.

"எழுதினது எழுதினதுதான். எரியட்டும்" என்றார் நெவில்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அட்டையில் வரைந்த டாங்கிக்காக ஒரு மனிதன் அழுவானா?

"வெளிய நிக்கிறவன் உள்ள இருக்கிறவனை இழுக்கலாமா?" ராய் மோரீனைக் கேட்டார்.

மறுபடியும் நாற்பத்து மூன்று பக்கமும் புரண்டன. "தெரியலையே ராய். அதைப் பத்தி இவன் ஒண்ணுமே எழுதலை."

பகடையை அவர் பக்கம் தள்ளினாள். ராய் அதைத் தொடவில்லை. எழுந்து போய், நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, தரை கிறீச்சிட, நெவிலோடு சேர்த்து மேசை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்.