உபவாச வெள்ளியும் ஒரு பொட்டலம் சீனியும்

போன வருடம் லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. இடம், பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்தை ஒட்டியிருக்கிற சின்ன மண்டபம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதினால் மானம் போகும். எழுதாவிட்டால் நான் செய்தது எனக்கே மறந்துபோகும். மானம் போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளை அதட்டி அதட்டி, வீட்டிலும் கோயிலிலும் எனக்கு அதே தொண்டைதான். எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். லெந்து வெள்ளிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குக் கூடுவோம். தண்ணீர் மட்டும் குடித்து மூன்று மணி வரை ஜெபிப்போம். பிறகு எல்லாருமாகக் கஞ்சி குடித்து உபவாசத்தை முடிப்போம். உடம்புக்கு முடியாதவர்கள் பாலோ பழமோ எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஐயர், அதாவது எங்கள் குருவானவர், ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுவார். எனக்கு அது பிடிக்காது. பழத்தைத் தின்றுவிட்டு அதற்கு உபவாசம் என்று பேரா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். என் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேர் பட்டினி கிடந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா உண்டு. வண்ணார்பேட்டையில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று எல்லா வெள்ளியும் உபவாசம் இருப்பதாக அக்கா பேர் கொடுத்திருந்தார். அந்த வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"டீச்சர், இந்த வாரந்தான் சுகர் மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்காரு டாக்டரு. ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுட்டு வரட்டுமா?"

"டாக்டரு சொன்னதைக் கேக்குதிய. ஆண்டவரு சொன்னதைக் கேக்க மாட்டியளா எக்கா? பேரப்பிள்ளைக்காக ஒரு நேரம் வயித்தைக் கட்ட முடியலைன்னா என்ன விசுவாசம்?"

"சரி டீச்சர்" என்றார் அக்கா. நல்ல காரியம் செய்த திருப்தியோடு போனை வைத்தேன்.

மறுநாள் ஜெபத்துக்கு முன் வேதச் செய்தி கொடுத்ததும் நான்தான். தலைப்பு என்ன தெரியுமா? கீழ்ப்படிதல். பேசி முடித்து எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்கினோம். பதினொன்றரை மணி இருக்கும். பின்வரிசையில் அந்த அக்காவின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முகமெல்லாம் வியர்வை. புடவைத் தலைப்பு நனைந்து தோளோடு ஒட்டிக்கொண்டது. வாய் எதையோ முணுமுணுத்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் பயந்துபோய் அவர் தோளைப் பிடிக்கப் போனாள்.

"தொடாதிய. ஆண்டவரு அவங்ககிட்ட இடைபடுதாரு" என்றேன் நான்.

ஆவியானவர் இறங்கினால் சிலர் இப்படி நடுங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் ஸ்தோத்திரத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. நான் கொடுத்த செய்திக்கு இப்படி ஒரு பலனா என்று சிலிர்த்துக்கொண்டேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. கால் மணி நேரம் அந்த மனுஷி எங்கள் நடுவில் செத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சுற்றி நின்று ஆண்டவரைத் துதித்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில் கஞ்சி காய்ச்ச வேண்டிய அண்டாவையும் சாமான்களையும் என் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டிவந்தவர் ஒரு முஸ்லிம் அண்ணாச்சி. அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அண்டாவைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"அவங்களுக்கு சுகர் உண்டுமா?"

"உண்டு. ஆனா இது..." என்று இழுத்தேன்.

"இது சுகர் இறங்குததும்மா. சாமானோட சீனி வந்திருக்குல்லா, அதை எடுங்க சீக்கிரம்."

நான் சாமான் பையைத் துழாவினேன். அவரே பொட்டலத்தைக் கிழித்தார். சீனியைத் தண்ணீரில் குழைத்து, அக்காவின் கன்னத்து உள்பக்கமாகப் பையத் தடவச் சொன்னார். தடவினேன். அக்காவின் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான் இது ஜெபமில்லை, சீக்கு என்று எனக்கு உறைத்தது. நாலு பேராகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

போகிற வழியில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அவர்களுக்கும் அது நோன்பு மாதம். அவர் உதடு காய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாயிற்றே அண்ணாச்சி என்றேன்.

"அதுக்குப் பதிலாத் தனியாத் தொழுதுக்கிடலாம்மா. உசுரு போச்சுன்னா என்ன செய்ய?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "எங்க உம்மாவுக்கும் இந்தச் சீக்குதான். சீக்காளிக்கு எங்க மார்க்கத்துல நோன்புக்கு விலக்கு உண்டு. உங்கள்ல அப்படி ஒண்ணும் கிடையாதாம்மா?" என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறுதோறும் என் காது கேட்கச் சொல்கிற விலக்குதானே அது.

ஆஸ்பத்திரியில் உடனே ட்ரிப் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நினைவு திரும்பியிருக்காது என்று டாக்டர் சொன்னார். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. சாப்பிடக்கூடாதுன்னு நீங்க சொன்னிய. எங்கம்மா ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டாங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

வெறும் வயிற்றில், கூட்டி எழுதிய மாத்திரை. அந்தக் காலை நேரத்தில் அக்கா யாருக்கெல்லாம் கீழ்ப்படிந்திருக்கிறார் பாருங்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சாயங்காலம் அக்கா கண் விழித்தார். என் கையைத் தேடிப் பிடித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நடு ஜெபத்துல எல்லாரையும் எழுப்பி விட்டுட்டேனே. ஆண்டவரு கோவிச்சுக்கிடுவாரா டீச்சர்?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினேன். அவர் பயந்தது ஆண்டவருக்கு அல்ல, எனக்கு. முந்தின நாள் போனில் ஆண்டவர் பேரைச் சொல்லிப் பேசியது என்னுடைய வீம்பு. அதையே ஆண்டவரின் சத்தம் என்று நம்பி அந்த அக்கா உயிரைக் கொடுக்கத் துணிந்திருக்கிறார்.

வெளியே வந்து பார்த்தேன். ஆட்டோக்கார அண்ணாச்சி வாடகைகூட வாங்காமல் போயிருந்தார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

அடுத்த வெள்ளி, நடந்தது அத்தனையையும் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன், ஐயர் விடவில்லை. அன்றிலிருந்து மண்டபத்து மேசையில் பாலும் பழமும் வைப்பது என் வேலை. வெட்கப்படுகிறவர்களுக்கு நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். முதலில் என் கையில்தான் கொடுத்தார், அந்த மனசு எனக்கு வராது.

இப்போதும் யாராவது என்னிடம் மறுபேச்சில்லாமல் "சரி டீச்சர்" என்றால் எனக்குப் பகீரென்கிறது. இவர் கீழ்ப்படிவது ஆண்டவருக்கா, இல்லை எனக்கா என்று நின்று யோசித்த பிறகுதான் அடுத்த வார்த்தை வருகிறது.