சரளாவுக்குப் பொன்னாடை வேண்டாம்

சரளா இறந்த செய்தி ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாலை போட்ட படம், அதன் கீழே 'கலைத்தாரகை' என்ற பட்டம். உயிரோடு இருந்தபோது யாராவது அப்படி அழைத்திருந்தால் நன்றாகத் திட்டு வாங்கியிருப்பார்கள். படத்தைப் போட்டது வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கலை மன்றம். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. ஏன் என்பதை, அவளை மேடையில் பார்த்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. விடுமுறை நாட்களில் எங்கள் நாடகக் குழு. பழைய மேடை நாடகங்களை, அரங்கத்துக்கே போயிராதவர்களிடமும் மாணவர்களிடமும் வேனில் கொண்டுபோய் ஆடினோம். ஆண்கள் ஒத்திகைக்கு ஒழுங்காக வராததால் ராஜா வேஷம் எனக்கு. ராஜாவைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் குயவர் வீட்டுப் பெண்ணாக அவள். "நாடகம் பழசா இருக்கலாம். பேசறப்போ இன்னிக்குக் காலைல நடந்த சண்ட மாதிரி இருக்கணும்" என்பாள்.

கோவில்பதாகையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஆட அழைத்திருந்தார்கள். அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் மதில் சுவருக்குப் பின்னால்தான் குடியிருந்தார்கள். சரளா அவர்களிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகளோடு வந்தவர்களைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். இது குடியிருப்பவர்களுக்கான நிகழ்ச்சி, பாதுகாப்புப் பிரச்சினை வேறு இருக்கிறது என்று சங்கச் செயலாளர் தணிந்த குரலில் விளக்கினார்.

"கேட்டத் தொறந்து வெச்சா உள்ள ஆடறோம் சார். இல்லாங்காட்டி ரோட்ல ஆடறோம்" என்றாள் சரளா.

கேட் திறக்கவில்லை. திரைக் கம்பங்களைப் பிடுங்கித் தெருவில் நட்டோம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்களில் சிலர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். சபைக் காட்சியில் நான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றபோது, முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், "இன்னா ராஜா, அந்தப் பொண்ணு கேட்டுகினு கீது, பதில் சொல்லு" என்றார். எனக்கு வசனம் மறந்துபோனது. சரளா எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து அவளும் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

முடிந்ததும் அதே செயலாளர் பொன்னாடையோடும் புகைப்படம் எடுப்பவரோடும் வந்தார். சரளா அந்தப் பொன்னாடையால் முகத்து அரிதாரத்தை அழுத்தித் துடைத்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.

அடுத்தது, இப்போது படம் போட்ட அந்தக் கல்லூரி. காலையிலிருந்து வேஷத்தோடு கழிப்பறைப் பக்கத்து நடையில் உட்கார வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை என்றார்கள். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். சபைக் காட்சியை எடுத்துவிடுங்கள், நிறுவனர் முன்வரிசையில் இருப்பார், மாணவிகள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்றார்.

"தப்பா புரிஞ்சுக்க மாட்டாங்க சார். கரெக்டா புரிஞ்சுக்குவாங்க. அதான் உங்களுக்குப் பயம்."

எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு ஆடினோம். அந்தக் காட்சி வந்ததும் மைக்கை அணைத்தார்கள். அவள் தொண்டையைத் திறந்து பேசினாள். அத்தனை மாணவிகளும் மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள். அவள் கேள்வியை முடிப்பதற்குள் திரையை இறக்கிவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நிறுவனருக்குப் பாராட்டுரை தொடங்கியது. திரும்பும் வழியில் சரளா வேனை நிறுத்தி இறங்கி வாந்தி எடுத்தாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"சோறு எங்க போட்டானுங்க? அவனுங்க பேச்சுதான்."

பிறகு கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஒரு நாள் அந்தக் கல்லூரி மாணவிகள் இருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். திரை இறங்கியபின் அந்தப் பெண் என்ன கேட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டுமாம். சரளா தலையணையை நிமிர்த்தச் சொல்லி, வசனம் முழுவதையும் சொன்னாள். குரல் எழும்பவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் டிரான்சிஸ்டரை நிறுத்தினார். ராஜா என்ன பதில் சொன்னான் என்று மாணவி கேட்டதற்கு, "அதோ நிக்கறா பாரு, அவளக் கேளு" என்றாள். குளுக்கோஸ் கம்பத்தின் அருகே நின்று நான் ராஜாவாகப் பேசினேன். அவள் முன்னால் நான் கடைசியாக நடித்தது அதுதான்.

நேற்று கல்லூரியிலிருந்து தொலைபேசி. நினைவுக் கூட்டம் நடத்துகிறார்களாம், அவள் பெயரில் சுழற்கோப்பை வைக்கிறார்களாம். அந்தக் காட்சியை உங்கள் மேடையில் முழுதாக ஆட விடுங்கள், கோப்பை வேண்டாம் என்றேன். மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார் பேசியவர். அவர் கேட்கமாட்டார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்து ஐயப்பன்தாங்கலில் ஒரு பள்ளியில் ஆடுகிறோம். ஆஸ்பத்திரிக்கு வந்த மாணவிகளில் ஒருத்திதான் குயவர் வீட்டுப் பெண்ணாக நிற்கப்போகிறாள். சரளாவின் துணிச்சலை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழட்டும். பொய் மரியாதையைக் கண்டதும் அவள் முகம் சுளிக்குமே, நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சுளிப்பை. அந்தப் பொய் எனக்குப் பழகிப்போய்விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.