நேசன் நேசன்

எங்கள் வகுப்பில் ரெய்லர் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று ஆண், ஒன்று பெண். முன்னொரு காலத்தில் அது தையல்காரக் குடும்பங்களின் கடைசிப் பெயராக இருந்ததாம். இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அதையே முதற்பெயராக வைக்கிறார்களாம் என்று ரீச்சர் சொன்னார். எட்டு வயதில் நான் பெரிய வாயாடி. கேட்டதை அன்றே வீட்டில் கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வீட்டில் பெயரில்லாமல் ஒரு தம்பி கிடந்தான். டோர்செட் பார்க்கில் மாமாவின் அப்பார்ட்மென்டில்தான் அப்போது இருந்தோம். வயிற்றில் தம்பியோடும் கையில் என்னோடும் அம்மா முதலில் இந்த நாட்டுக்கு வந்துவிட்டார். அப்பா கொழும்பில், வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிக் காத்திருந்தார். பெயரை அவர்தான் சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த துடக்குக் கழித்தும் ஆயிற்று, அவருடைய போன் வரவில்லை. பிறப்புப் பதிவுப் படிவம் ஃபிரிட்ஜின் மேல் அப்படியே கிடந்தது.

"அம்மா, எங்கட லாஸ்ட் நேமையே தம்பிக்கு வைப்பம். இஞ்ச இப்ப அதுதான் ஃபாஷன்" என்றேன்.

எங்கள் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர்தான். நேசன். அம்மா அதை வாயால் சொன்னதே இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். ஆபீஸ்களில் கேட்டால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பார், நான் சொல்லுவேன்.

"விசரி! உயிரோட இருக்கிற மனிசன்ர பேரை ஆரும் பிள்ளைக்கு வைப்பினமே? போய் வாயைக் கழுவு!"

உண்மையாகவே கழுவ வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், வேலைக்குப் போன மாமா பாதியில் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போனார். கொழும்பிலிருந்து போன் வந்ததாம். என்னைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் அனுப்பிவிட்டார்கள். அன்ரி கேளாமலே ஐஸ்கிறீம் தந்தார். கார்ட்டூன் போட்டுவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கென்றால் கொண்டாட்டம்.

பின்னேரம் திரும்பியபோது அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். முகம் வீங்கிக் கிடந்தது. படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ சொன்ன பேரையே எழுது, பிள்ளை."

"வாயைக் கழுவச் சொன்னனீங்கள்!"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேசன் எண்டு எழுது" என்றார் அம்மா.

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதற்பெயர்ப் பெட்டியில் நேசன், கடைசிப் பெயர்ப் பெட்டியிலும் நேசன் என்று என் வடிவான ஆங்கில எழுத்தில் எழுதினேன்.

"அப்பா வந்தா ரெண்டு நேசன். ஒராளைக் கூப்பிட ரெண்டு பேரும் ஓடி வருவினம்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா தம்பியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நேசன், நேசன், நேசன் என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். தம்பியைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.