கள்ள மல்லன்

நாற்பத்து மூன்று வயதில் ஒரு விஞ்ஞான ஆசிரியை இறப்பர் மல்லர்களைச் சேர்க்கிறாள் என்றால் ஊர் சும்மா விடுமா? ஜப்பானில் செய்யும், அழுத்தினால் நெளியும் கட்டைவிரல் அளவு மற்போர் பொம்மைகள் அவை. என்னிடம் நூற்றுக்கு மேல் உண்டு. “உன்ரை தடியன்கள் சாப்பிட்டாச்சோ?” என்று என் கணவர் தினமும் கேட்பார்.

சேர்ப்பதை விட எனக்குப் பெருமை, கள்ளச் சாமானை, அதாவது போலியை, பிடிப்பதில்தான். முதலில் மணந்து பார்ப்பேன். பிறகு நகத்தால் அழுத்துவேன். கடைசியில் பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் மில்லிமீற்றர் கணக்கில் அளப்பேன். கொழும்பில் வாங்கிய, கைக்குப் பதில் நண்டுக் கொடுக்கு வைத்த என் நண்டுக்கை மல்லன்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

போன வருடம் என் மகளின் பிறந்தநாளுக்கு, பள்ளிக்கூட நாளிலிருந்து என் உயிர்த்தோழியாக இருப்பவள் பக்கத்துக் கொழும்புத்துறையிலிருந்து வந்தாள். கப்பலில் வேலை செய்த அவளுடைய மாமா ஜப்பானிலிருந்து கொண்டுவந்த நண்டுக்கை மல்லனை எனக்குக் காட்டத்தான் எடுத்து வந்திருந்தாள். நான் கேக்கைத் தள்ளி வைத்துவிட்டு அளந்தேன். என்னுடையதைவிட இரண்டு மில்லிமீற்றர் பெரிது. “இது கள்ளம்” என்று வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் என் மல்லனை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் பொம்மையைக் கைப்பைக்குள் வைத்தாள்.

அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுப்பக்கம் வரவேயில்லை. தொலைபேசியில் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவாள். ஒரு பொம்மைக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் கோபம் வந்தது. காண்கிறவர்களிடமெல்லாம் அவளுடைய வீம்பைப் பற்றிச் சொன்னேன். ஆனால் வாரா வாரம் வந்துபோன அவள் இல்லாத சனிக்கிழமைகள் எனக்குப் பிடிக்கவேயில்லை.

எட்டு மாதம் கழித்து, பொம்மை சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அந்த விஷயத்தைப் படித்தேன். கள்ளப் பொம்மை செய்பவர்கள் அசலை வைத்துத்தான் அச்செடுப்பார்களாம். ஊற்றிய இறப்பர் ஆறும்போது சுருங்குமாம். ஆகவே நகல் எப்போதும் அசலைவிடச் சிறியது. சூடு பட்டால் விரியும், ஆறினால் சுருங்கும் என்று வருடா வருடம் வகுப்பில் கத்துகிறவள் நான்! உடனே ஸ்கூட்டியை எடுத்தேன்.

அவளுடைய வீட்டு வாசல் படலையைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னடி, வேணியரோடையோ வந்தனீ?”

“என்னட்டை இருக்கிறதுதான் கள்ளம். என்னை மன்னிச்சுக்கொள்.”

“அது எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ரை மல்லனுக்குக் கால்விரலே இல்லை, பாக்கேல்லையோ?”

“பின்னை ஏன் சொல்லேல்லை?”

“அவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொன்னால் உன்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைப்பாய்?”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?”

“வந்தால் சொல்லிப்போடுவன். என்ரை வாய் எனக்குத் தெரியாதோ?”

யாரை வீம்புக்காரி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனோ, அவள் எட்டு மாதமாக என் மானத்தைக் காப்பாற்றத் தன் வாயைக் கட்டி வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. படலையடியில் நின்றபடியே அழத் தொடங்கிவிட்டேன்.

“பாத்தியே, இதுக்குத்தான் சொல்லேல்லை” என்றாள்.