மர்ட்டில் சொன்ன எடை

“பூட்ஸை எதுக்குடா கழட்டுறே? அது என்ன பின்னாலேயே நடந்தா வரப்போகுது? ஏறு மேலே!”

ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டகையில் மர்ட்டில் உக்பிக் எடைமேடையைக் காலால் நகர்த்திப் போடுகிறாள். இந்தக் கடற்கரை ஊருக்கு வந்துபோகும் குட்டி விமானத்துக்கு டிக்கெட், சரக்கு, வானிலை, பஞ்சாயத்து எல்லாமே அவள்தான். ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்து, முள் காட்டுவதை விமானியின் காதில் மட்டும் ஓதுவாள். ஊரில் யார் எத்தனை பவுண்டு என்பது அவளைத் தாண்டி வெளியே போனதில்லை.

எடை பார்த்ததும் சோதனை. நோம் நகரத்துக்குப் போகிற யாரும் அங்கிருக்கும் சொந்தத்தை வெறுங்கையோடு பார்க்க மாட்டார்கள். சரக்குக் கூலியும் கொடுக்க மாட்டார்கள். தோலோடு வெட்டிய திமிங்கிலக் கொழுப்பான மக்டாக், எடை பார்க்கும்வரை வழியனுப்ப வந்தவர் கையில் இருக்கும். மேடையை விட்டு இறங்கியதும் குளிர்கோட்டுக்குள் போய்விடும். மர்ட்டில் கோட்டைத் தட்டிப் பார்த்து, “என்னண்ணே, ரெண்டு அடி நடக்கிறதுக்குள்ள மாசமாயிட்டீங்க?” என்பாள்.

அந்த மேடையில் ஏறாத ஒரே ஆளும் அவள்தான். கல்யாணத்தன்று இருந்த எடையையே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். “அதேதான். என்கிட்டேயா சந்தேகம்?”

போன மார்ச்சில் நோமில் மகளுக்குப் பிரசவ நேரம். “அம்மா, மக்டாக் வராம நான் பெத்துக்க மாட்டேன்” என்று போனில் அடம். மர்ட்டில் வழக்கமான எடையை வாயால் சொல்லிவிட்டு, வயிற்றோடு பெரிய கட்டியொன்றைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அவளைத் தட்டிப் பார்க்க ஊரில் யார் இருக்கிறார்கள்?

பாதி வழியில் பனிப்புயல் சுற்றிக்கொண்டது. வானம் எது, தரை எது என்று தெரியாத ஒரே வெள்ளை. இறக்கைகளில் பனி ஒட்டி இறுகியது. விமானம் இறங்கிக்கொண்டே போனது. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன அர்கன்சாஸிலிருந்து வந்த இளம் விமானி ட்ரென்ட், “கெட்டியாப் பிடிச்சுக்கங்க!” என்று கத்திக்கொண்டே உறைந்த காயலில் அதை வயிற்றால் இறக்கினான். அது சறுக்கிப் போய்ப் பனிமேட்டில் மூக்கைச் செருகி, மீன் தேடும் வாத்துபோல வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சிராய்ப்பு தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

மீட்பு வண்டி வரும்வரை எல்லாரும் மர்ட்டிலின் ‘வயிற்றை’ அறுத்து அறுத்துத் தின்றார்கள். “நல்லவேளை இதைக் கொண்டுவந்தீங்கக்கா, உயிரைக் காப்பாத்தினீங்க” என்று ட்ரென்ட் வாய் நிறைய மென்றபடி கண்கலங்கினான். மர்ட்டில் மட்டும் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

பேரன் மக்டாக்குக்குக் காத்திருக்காமல் பிறந்துவிட்டான். விமானம் விழுந்த பழிக்கு ஊர் ட்ரென்டைப் பிடித்துக்கொண்டது. இங்கே வீட்டுக்கு ஒரு வயர்லெஸ். ஒருவர் பேசினால் ஊரே கேட்கும்.

“அந்தப் பையன் ஓட்டினா நான் ஏற மாட்டேன்ப்பா.”

“கோழிப்பண்ணை ஊர்க்காரன். கோழி எவ்வளவு தூரம்தான் பறக்கும்?”

விசாரணை அதிகாரி வந்தார். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு மர்ட்டிலிடம் சொன்னார்: “பனிதாம்மா முக்கியக் காரணம். ஆனா விமானி தெரிஞ்சே கூடுதலா ஏத்தியிருந்தா அவர் லைசென்ஸ் போயிடும். மத்த எல்லாத்தையும் எடை போட்டாச்சு. பாக்கி நீங்கதான்.”

ஓரமாக நின்ற ட்ரென்ட் தொப்பியைப் பிசைந்தான். “அக்கா சொன்னதைத்தான் சார் எழுதினேன்.”

“இது வெளியே போகாதில்லே?” என்றாள் மர்ட்டில்.

“நம்ம மூணு பேரோட சரி.”

மேடையில் ஏறினாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்த ட்ரென்ட் மரியாதையாகக் கூரையைப் பார்த்தான்.

“பொய் சொன்னது நான். பையனுக்கு ஒண்ணும் தெரியாது. மக்டாக் தனி, அதையும் எழுதிக்கங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். “அப்ப அவர் மேல தப்பில்லே.”

ட்ரென்டுக்குப் போன மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது.

“என்ன, கோழியோட லைசென்ஸைப் பிடுங்கியாச்சா?”

பின்னாலேயே நாலைந்து வீட்டுச் சிரிப்பு. ட்ரென்டும் சிரித்துவைத்தான். “லைசென்ஸ் இருந்து என்னக்கா? ஏற ஆள் வேணுமே. நான் ஊருக்கே போயிடறேன்.”

மர்ட்டில் அவனைப் பார்த்தாள். பிறகு வயர்லெஸைக் கையில் எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

“மர்ட்டில் பேசறேன். எல்லாரும் அடுப்பைக் குறைச்சுட்டுக் கேளுங்க. பையன் சரியாத்தான் ஓட்டினான். தப்பா எடை சொன்னது நான். என் நிஜ எடை இதுதான்.”

சொன்னாள். விமானம் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல, நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னாள்.

பேசுகிறவர் பொத்தானை விட்டால்தான் மற்றவர்கள் பேச்சோ சிரிப்போ வயர்லெஸில் வரும். அதிகாரி பையை மூடினார், கையுறையை மாட்டினார், போய்விட்டு வருகிறேன் என்றார். மர்ட்டில் தலையை மட்டும் ஆட்டினாள். பொத்தானின் மேல் அவளுடைய கட்டைவிரல் நகம் வெளுக்க அழுந்தியபடியே இருந்தது.