மூடிய கையில் காசு இருக்கிறதா?

காசு தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அது என் கையில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஈப்போவில் ஒரு கோப்பிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. வார நாட்களில் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் வேலை எனக்கு; ஞாயிறானால் பட்டணத்துக்குப் போய் மேசை மேசையாகக் கைவித்தை காட்டுவேன். சீட்டு, தீப்பெட்டி, கைக்குட்டை எல்லாம் வரும். ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது சதுரமாக இருக்குமே, அந்த ஒரு சென்ட் நாணயம்தான். கட்டைவிரலின் அடிச்சதைக்கும் சுண்டுவிரல் பக்கத்துச் சதைக்கும் நடுவில் அதன் மூலைகளைச் செருகிக்கொண்டு, வெறும் கையாக்கும் என்று வீசிக் காட்டுவேன்.

இந்தத் தொழிலில் காசு ஒளிந்திருக்கும் கையை நாம் பார்க்கவே கூடாது. நம் கண் போகும் பக்கம்தான் எதிரே இருப்பவர் கண்ணும் போகும். காசு இருக்கிறதா என்பதைச் சதைதான் நமக்குச் சொல்ல வேண்டும். அன்று அது சொல்லவில்லை. குனிந்து எடுத்து, ஏதோ வேடிக்கை பேசிச் சமாளித்தேன்.

சுண்டுவிரல் பக்கம் மரத்துக் கிடந்தது. முழங்கைக்குக் கீழே வெளிர் நிறத்தில் ஒரு தேமல். பெயர் தெரியாமல் இல்லை, பெருநோய். அது உறுதியானால் லூமுட் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றி, தீவிலிருக்கும் தனி முகாமில் விட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. இனி என் கையிலிருந்து யார் காசு வாங்குவார்கள்?

அந்த மாதமே தோட்ட மருத்துவமனையில் எல்லாருக்கும் உணர்வுச் சோதனை வைத்தார்கள் (கண்ணை மூடச் சொல்லி, இறகால் தோலைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வது). சோதித்தவர் டிரசர் ஐயா, டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுத்துக் கட்டுப் போடுபவர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர், எதையும் ஒழுங்காகச் செய்பவர். அந்த ஒழுங்குதான் எனக்கு வசதியாகப் போயிற்று. தொடுவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிப்பார். கஞ்சி போட்ட சட்டைக் கை சரசரக்கும். கட்டைவிரலில் ஆரம்பித்து வரிசையாகவே வருவார். போதாததற்கு, முக்கால்வாசி மூடிய இமையை முழுக்க மூடியதாகக் காட்டுவது எனக்குக் கைவந்த கலை. ஓர் இடம் தப்பவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் எழுதிக்கொண்டபோது, வித்தை முடிந்து கைதட்டு வாங்கியவன் மாதிரி எழுந்து வந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்தப் பெருமை பதினான்கு மாதம் நீடித்தது. அதற்குள் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்பக்கமாக வளைய ஆரம்பித்திருந்தன. மழையில் நனைந்ததால் பிடிப்பு என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு நாள் காலை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தகர மங்குக் கிண்ணத்தை நான் வலது கையால் பிடித்து எடுத்தேன். என் மனைவி அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை ஓரம் வெந்து தோல் உரிந்திருந்தது. எனக்கோ முகம்கூடச் சுளிக்கவில்லை. சோதனையில் ஒன்றும் இல்லை என்றார்களே என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. வெந்த இடத்தில் துணியைச் சுற்றினாள்.

“என்னையும் கூட்டத்துல ஒக்கார வச்சு வித்தை காட்டிட்டீங்க” என்றாள். “எழுந்திரிங்க. டிரசர் ஐயாகிட்ட போலாம்.”

திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். டிரசர் ஐயா என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இறகையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்:

“உம்மைப்போல எத்தினை பேரை நான் ஒண்டுமில்லை எண்டு அனுப்பினனோ? நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்? ஒண்டும் விடாமல் சொல்லும்.”

சொன்னேன். மூச்சு, சட்டை, வரிசை, இமை எல்லாவற்றையும். வாழ்நாளில் ஒரு வித்தையின் உள்விவரத்தை நான் அவிழ்த்தது அன்று ஒரு தடவைதான். சட்டைக் கையை மடித்து விடச் சொன்னேன். கண்ணைத் துணியால் கட்டச் சொன்னேன். வரிசையை மாற்றச் சொன்னேன். சில தடவை தொடாமலே “எங்கே?” என்று கேட்கச் சொன்னேன். உடனே என் கண்ணைக் கட்டினார். அவர் தொடாத இடத்தையெல்லாம் நான் காட்டினேன். என் உள்ளங்கையில் பாதி எனக்குச் சொந்தமில்லை என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. முன்பு அனுப்பியவர்களையும் அவர் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார். அவர்களில் இரண்டு பேர் நான் போன படகிலேயே வந்தார்கள். படகில் நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைப் படிப்பவருக்கும் என்னைப்போல் ஓர் இடம் மரத்திருக்கலாம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சோதனையில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

முகாமில் நீரடிமுத்து எண்ணெய் ஊசி (ஒரு காட்டு மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது, கெட்டியாக இருக்கும்) வாரத்துக்கு இரண்டு. போட்ட இடம் வீங்கும், காய்ச்சல் வரும். ஒன்றுகூடத் தவறவிடவில்லை. அஞ்சலை தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டே மாதம் தவறாமல் ஆள் மூலம் கடிதம் எழுதி அனுப்பினாள். ஒரு தடவை கடிதத்தோடு ஒரு கட்டுச் சீட்டும் வந்தது. அதை வைத்து இடது கைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். மாலை ஆனதும் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், புண் இருக்கிறதா என்று. இன்றும் விடாமல் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள்.

மூன்று வருடம் போயிற்று. காது மடலில் சிறு கீறல் போட்டு எடுத்த நீரில் (நோய்க்கிருமி இருக்கிறதா என்று கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பார்கள்) அடுத்தடுத்துக் கிருமி இல்லாமல் போகவே, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். உணர்வு திரும்பவில்லை. வளைந்த இரண்டு விரலும் வளைந்தபடியேதான் இருந்தன. ஆனால் சதுரக் காசு ஒன்றை அந்த வளைவில் செருகினால், நான் ஒன்றும் செய்யாமலே நிற்கும் என்பதை முகாமிலேயே கண்டுபிடித்துவிட்டேன். வித்தையை விடுவதா, நானா?

வந்த முதல் ஞாயிறு, மருத்துவமனை வராந்தாவில் நின்றேன். சனங்கள் வந்தார்கள், ஆனால் படிக்கட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். டிரசர் ஐயா முன்னால் வந்து தன் பையிலிருந்து ஒரு சதுரக் காசை எடுத்து என் வலது கையில் வைத்தார். இடது கைக்கு மாற்றியதாகக் காட்டி, இடது கையை ஊதித் திறந்தேன். வெறும் கை. இரண்டு மூன்று பேர் படியேறி வந்தார்கள்.

“என்ர காசைத் தாரும்” என்று டிரசர் ஐயா தன் உள்ளங்கையை நீட்டினார்.

காசு என் வலது கையில் இருக்கிறதா? கீழே மண்தரை, விழுந்திருந்தால் சத்தம் வந்திருக்காது. பார்த்தால் வித்தை கெட்டுவிடும். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. பார்க்காமலே அவர் கைக்கு மேலே என் கையைக் கவிழ்த்து, கட்டைவிரலால் தள்ளினேன்.

காசு அவர் கையில் விழுந்தது. அஞ்சலைதான் முதலில் சிரித்தாள். டிரசர் ஐயா அதைத் துடைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர் தன் காசை நீட்டினார்.

முன்பெல்லாம் கையை மூடித் திறக்கும் நேரம் எனக்கு ஒரு நொடிகூட இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தானே. இப்போது அந்த நேரம் ரொம்ப நீளம். எல்லாரோடும் சேர்ந்து நானும் அதில் காத்திருக்கிறேன்.