காரணம் என்ற கட்டம்

அட்டைப்பெட்டி ஆலையின் முதலுதவி அறையில் பதினெட்டு வருடமாக அவள்தான் நர்ஸ். விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. யார் விரலை நசுக்கிக்கொண்டு வந்தாலும் அதில் 'கவனக்குறைவு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவாள். கட்டுப் போடும்போது, "கனவு கண்டுகிட்டா வேலை பாத்தே?" என்று ஒரு திட்டும் இலவசம்.

அன்று காலை அவளுடைய தம்பியையே தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பதறிப்போனவளின் வாயில் முதலில் வந்தது, "பாத்து வேலை செய்யக் கூடாதாடா?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெட்டுற மெஷினோட மூடியக் கழட்டி வெச்சிட்டாங்கக்கா. மூடி இருந்தா வேலை ஓடலையாம். போன மாசம் அடிபட்டவனும் இதையேதான் உங்கிட்ட சொன்னான்."

சொன்னான்தான். அவனையும் திட்டித்தான் அனுப்பியிருந்தாள்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும், 'இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது' என்று அந்தக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள். மேனேஜர் படித்தார். கோபப்படவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார்.

"இதே மெஷின்ல பதினோரு பேரும்மா. எல்லாத்துக்கும் கவனக்குறைவுன்னு எழுதினது நீங்கதானே? உங்க தம்பின்னதும் மெஷின் மேல தப்பா?"

பதினோரு இடத்திலும் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது வாசலில் காவலாளி ஆறுதலாகச் சொன்னார். "தம்பி கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம், சிஸ்டர்."

"மெஷின்ல மூடி இல்லைங்க."

"அது எப்பவுமே இல்லாததுதானே? நாமதான் பாத்து நடந்துக்கணும்னு நீங்களே சொல்வீங்களே."